தாய்ப்பாலும் தைராய்டு மாத்திரையும்

பிள்ளை பெற்றவளுக்குப் புத்தி சொல்ல நம் ஊரில் ஆட்களுக்குக் குறைச்சலே இல்லை. பூண்டை நிறையத் தின்னச் சொல்வார் ஒருவர். பால் சுறா வாங்கிவரச் சொல்வார் இன்னொருவர். தலைக்கு ஊற்றும் நாள், காதில் பஞ்சு வைக்கும் நேரம் எல்லாவற்றுக்கும் வீட்டுக்கு வீடு சட்டம் உண்டு. ஆனால், ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பையின் அடியில் ஒரு சின்னப் புட்டி கிடக்கிறதே, அதைப் பற்றி மட்டும் வீட்டில் எவருக்கும் நிச்சயமாக ஒன்றும் தெரிவதில்லை. கர்ப்ப காலம் முழுவதும் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவந்த தைராய்டு மாத்திரை அது.

“பால் கொடுக்கிற உடம்பாயிற்றே, இந்த மாத்திரை குழந்தைக்கு ஆகுமா?” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். குழந்தைக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அல்லது மாத்திரைக்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்திவிட்டு மாவுப் பாலுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டுமே தவறான காரியம். முன்னது தாயின் உடம்பைக் கெடுப்பதோடு பாலையும் குறைக்கும். பின்னது, காரணமே இல்லாமல் குழந்தையின் உணவைப் பறிக்கும். நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 64 பேருக்குத்தான் தாய்ப்பால் மட்டுமே தரப்படுகிறது என்று 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கு சொல்கிறது. இதில் வீண் பயத்தினால் இன்னும் சிலரை இழப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்!

தைராய்டுக் குறைவு இன்று அரிய வியாதியாக இல்லை. எட்டு பெருநகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வயது வந்தவர்களைப் பரிசோதித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய நூற்றுக்கு 11 பேருக்கு இந்தக் குறை இருந்தது. பெண்களிடம் இது அதிகம். அபாயக் குறிகள் உள்ள கர்ப்பிணிகளுக்குத் தைராய்டுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று மத்திய சுகாதார இலாகா 2014 டிசம்பரில் வழிமுறை வகுத்தது. பட்டணத்து ஆஸ்பத்திரிகளிலோ அபாயக் குறி உண்டா இல்லையா என்று பாராமல், அநேகமாக வருகிற கர்ப்பிணிகள் அனைவருக்குமே இந்த ரத்தப் பரிசோதனை நடக்கிறது. ஆகவே மாத்திரையுடன் பிரசவத்துக்குப் போகும் பெண்களின் தொகை பெருகிவிட்டது. பிரசவத்துக்கு முன் தாயைச் சுற்றிப் பத்துக் கண்கள். பிரசவம் ஆன மறுநாள் அந்தப் பத்துக் கண்களும் குழந்தையின் மேல் திரும்பிவிடுகின்றன. மாத்திரையைத் தொடர்வதா, குறைப்பதா, விடுவதா என்று யாரும் சொல்வதும் இல்லை, கேட்பதும் இல்லை.

சுரப்பியின் சொந்தச் சரக்கு

கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது தைராய்டு சுரப்பி. அதன் எடை சுமார் 20 கிராம்தான். ஆனால் உடம்பின் சூடு, இதயத் துடிப்பு, ஜீரணம், மூளையின் சுறுசுறுப்பு எல்லாவற்றுக்கும் வேகம் வைப்பது அதுவே. அது சுரக்கும் முக்கியமான நீருக்குத் தைராக்ஸின் என்று பெயர். 1914 டிசம்பர் 25-ந் தேதி, உலகம் கிறிஸ்துமஸ் கொண்டாடிக்கொண்டிருந்த தினத்தில், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டல் என்ற விஞ்ஞானி இதைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1927-ல் பிரிட்டனில் ஹாரிங்டனும் பார்ஜரும் செயற்கையாகவே செய்து காட்டினார்கள். இன்று புட்டியில் வரும் லெவோ தைராக்ஸின் மாத்திரையும் அதுதான். சுரப்பி செய்யத் தவறிய சரக்கை வெளியிலிருந்து வாங்கிக் கொடுக்கிறோம், அவ்வளவே.

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் தெளிந்துவிடும். நோய் ஒன்றும் இல்லாத தாயின் பாலிலும் தைராக்ஸின் சிறிதளவு இருக்கத்தான் இருக்கிறது. சரியான அளவில் மாத்திரை சாப்பிடும் தாயின் பாலிலும் அதே சிறிதளவுதான். அது குழந்தைக்குத் தீங்கு செய்யாது. பால் கொடுக்கும் தாய்க்குத் தைராக்ஸின் தாராளமாகத் தரலாம் என்பதில் டாக்டர்களிடையே இன்று அபிப்பிராய பேதம் இல்லை.

பாலில் வரும் அளவு மிகச் சொற்பம் என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிறவியிலேயே தைராய்டு வேலை செய்யாத குழந்தைகள் நம் நாட்டில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்று பிறக்கின்றன. தாய்தான் மாத்திரை சாப்பிடுகிறாளே, பால் வழியே குழந்தைக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்தால், அந்தக் குழந்தையின் மூளை வளர்ச்சி தடைப்பட்டுப் போகும். பிறந்த மூன்றாம் நாளை ஒட்டிக் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கிவிட்டால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். தாய்க்குத் தைராய்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கேட்டு வாங்கிப் பரிசோதிக்கச் செய்வது பெற்றோரின் பொறுப்பு.

மாத்திரையை நிறுத்துவதால் வரும் கேடு மெல்ல மெல்லத்தான் தெரியும். தைராக்ஸின் உடம்பில் நின்று கரையும் சரக்கு. உள்ளே போனதில் பாதி குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால்தான் ஒருநாள் மறந்துபோனால் குடிமுழுகிவிடாது. அதனாலேயே, அடியோடு நிறுத்தினாலும் முதல் இரண்டு வாரங்கள் ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றும். அப்புறம் வருகிறது அலுப்பு. மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முடி உதிர்தல், எதிலும் மனம் ஒட்டாமை. கூடவே பாலும் குறையும். பால் குறைந்த வீட்டில், “பத்தியம் சரியில்லை” என்பார்கள். “இவள் சாப்பிடுவதே இல்லை” என்பார்கள். நிறுத்திய மாத்திரையின் ஞாபகம் ஒருவருக்கும் வராது.

அளவு மாறும் காலம்

மாத்திரையைத் தொடரலாம் என்றால், எந்த அளவில் தொடர்வது? இங்கேதான் வீட்டுக்கு வீடு குழப்பம். கர்ப்பம் தரித்த நாலைந்து வாரங்களிலேயே தைராக்ஸின் தேவை ஏறத் தொடங்கி, முன்பு இருந்ததைப் போல் ஒன்றேகால் மடங்கு, ஒன்றரை மடங்குகூட ஆகிவிடும். 100 மைக்ரோகிராம் சாப்பிட்டவருக்கு 125 அல்லது 150 வேண்டியிருக்கும். குழந்தை பிறந்ததும் அந்தக் கூடுதல் தேவை போய்விடுகிறது. எனவே பிரசவமானதும் கர்ப்பத்துக்கு முந்திய அளவுக்குத் திரும்ப வேண்டும் என்றும், ஆறு வாரங்கள் கழித்து ரத்தத்தில் டி.எஸ்.எச். பார்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும் என்றும் அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. கர்ப்பிணியாக இருந்தபோது தந்த பெரிய அளவையே மாதக்கணக்கில் விழுங்கினால் படபடப்பு, தூக்கமின்மை, எடைக் குறைவு என்று எதிர்த்திசையில் தொல்லை ஆரம்பிக்கும்.

கர்ப்ப காலத்தில்தான் முதன்முதலாக மாத்திரை தொடங்கப்பட்டது என்றால் கதை வேறு. அவர்களில் பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மாத்திரையே தேவைப்படாமல் போகலாம். முக்கியமாக, 50 மைக்ரோகிராமோ அதற்குக் குறைவாகவோ சாப்பிட்டவர்களுக்கு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டு அனுபவசாலி எத்தனை பிள்ளை பெற்றவராக இருந்தாலும் அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. நிறுத்தினாலும் ஆறு வாரத்தில் ரத்தப் பரிசோதனை உண்டு.

இந்த ஆறு வாரக் கணக்கை நம் ஆரம்ப சுகாதார நிலையங்கள் சற்று யோசித்துப் பார்க்கலாம். குழந்தைக்கு முதல் ஐந்துநோய்த் தடுப்பூசி போடும் நாள் எது? ஆறாவது வாரம். பச்சிளங் குழந்தையை வீடு தேடி வந்து பார்க்கும் திட்டத்தில் கடைசி வருகை எது? 42-வது நாள், அதுவும் ஆறாவது வாரமே. எந்தத் தாயும் மறக்காத நாள் அது. சாக்குப்போக்குச் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அதே நாளில், அதே பெஞ்சில் உட்கார வைத்து, தைராய்டு உள்ள தாயின் கையிலிருந்தும் கொஞ்சம் ரத்தம் எடுத்தால் தனி வருகை வேண்டாம். பஸ் செலவு வேண்டாம். ஒரு நாள் கூலியும் போகாது. குழந்தையின் அட்டையில் அடுத்த ஊசித் தேதி எழுதுகிறார்கள். தாயின் டி.எஸ்.எச். தேதியையும் அதே அட்டையில் ஒரு வரி எழுதினால் போதும். புதிய கட்டடமும் வேண்டாம், புதிய உத்தியோகஸ்தரும் வேண்டாம்.

காலை நேரப் போட்டி

தைராக்ஸின் வெறும் வயிற்றில்தான் நன்றாக ஏறும். சாப்பிட்டபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறொன்றும் உட்கொள்ளக்கூடாது. தமிழ்நாட்டுப் பிரசவ வீட்டில் இது லேசான காரியமா? வெறும் வயிற்றில் லேகியம் உருண்டை காத்திருக்கிறது. காப்பி கொதித்துக்கொண்டிருக்கிறது. குழந்தையோ அழுகிறது. இவற்றுக்கு நடுவில் அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் வேறு. பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை இவ்விரண்டையும் தாய்மார்களுக்குத் தருவது நாடு முழுவதற்குமான திட்டம், நல்ல திட்டம். ஆனால் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரே கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கினால், இரும்பும் சுண்ணாம்பும் தைராக்ஸினைப் பிடித்துக்கொண்டு குடலில் ஏறவிடாமல் செய்துவிடும். மாத்திரை சாப்பிட்டும் டி.எஸ்.எச். இறங்கவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். குற்றம் அளவில் இருக்காது.

வழி சுலபமானது. விடியற்காலையில் பாலுக்குக் குழந்தை எழுப்பும்போதே தைராய்டு மாத்திரையைத் தண்ணீருடன் விழுங்கிவிடலாம். காப்பியும் லேகியமும் ஒரு மணி நேரம் பொறுக்கட்டும். இரும்புக்கும் சுண்ணாம்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஆகவே அவை மதியத்துக்கும் இரவுக்கும் போகட்டும். அவையும் ஒன்றோடொன்று சேராமல் ஒன்று மதியம், ஒன்று இரவு என்று பிரிந்திருப்பது நல்லது. காலையில் முடியவே முடியாது என்பவர்கள், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது தைராக்ஸினைச் சாப்பிடலாம். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம் என்பது முக்கியம். புட்டியை அடுப்படிச் சூட்டிலும், ஈரம்படும் ஜன்னலோரத்திலும் வைக்காமல் இருப்பதும் அவ்வளவே முக்கியம்.

மிகுதி என்னும் மறுபக்கம்

சிலருக்குத் தைராய்டு குறைவதற்குப் பதில் மிகுந்துவிடும். அவர்களுக்குத் தருவது சுரப்பியை அடக்கும் மருந்து. நம் நாட்டில் பெரும்பாலும் கார்பிமஸோல். உடம்புக்குள் போனதும் அது மெத்திமஸோலாக மாறி வேலை செய்கிறது. இங்கே தாய்மார்களின் அச்சத்துக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. இந்த மருந்து பாலில் கலந்து குழந்தையின் சுரப்பியையும் அடக்கிவிடும் என்று பல ஆண்டுகள் டாக்டர்களே பால் கொடுப்பதைத் தடுத்துவந்தார்கள். 1980-ல் டென்மார்க் டாக்டர்கள், இதே இனத்தைச் சேர்ந்த புரோபைல்தையோயுராஸில் பாலில் மிக மிகக் குறைவாகவே சேருகிறது என்று அளந்து காட்டினார்கள். பின்னர் ஈரானில், டெஹ்ரானைச் சேர்ந்த பேராசிரியர் பெரெய்தூன் அஜீஸியும் அவருடைய குழுவினரும் மெத்திமஸோல் சாப்பிடும் தாய்மார்களிடம் பால் குடித்த குழந்தைகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அக்குழந்தைகளின் தைராய்டும் சரியாக இருந்தது. அறிவு வளர்ச்சியும் சரியாக இருந்தது. பழைய தடை இப்படித்தான் உடைந்தது. ஆனாலும் உடைந்த தடையின் எதிரொலி இன்னும் மருந்துக் கடை வாசலில் கேட்கிறது.

2017 வழிகாட்டியின்படி நாளொன்றுக்கு மெத்திமஸோல் 20 மில்லிகிராம் வரை, புரோபைல்தையோயுராஸில் 450 மில்லிகிராம் வரை, பால் கொடுக்கும் தாய்க்குத் தரலாம். எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் நோய் அடங்குமோ அவ்வளவே கொடுப்பது முறை. பால் கொடுத்து முடித்தவுடன் மாத்திரை சாப்பிட்டால், அடுத்த வேளைப் பாலுக்குள் மருந்தின் அளவு இறங்கிவிடும். குழந்தையின் எடையும் வளர்ச்சியும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்துவர வேண்டும். பாலில் குறைவாகச் சேருகிறது என்பதற்காகப் புரோபைல்தையோயுராஸிலே மேல் என்று முடிவு கட்டவும் முடியாது. ஈரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும் என்று 2010-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கை விதித்தது. இவ்விரு மருந்துகளில் எதைச் சாப்பிடுபவரானாலும் தொண்டை வலியுடன் காய்ச்சல் கண்டால், மாத்திரையை நிறுத்தி அன்றே ரத்த வெள்ளணுக்களைப் பார்க்க வேண்டும். அபூர்வமாக அவை அபாயகரமாகக் குறைந்துபோவதுண்டு.

நாலாம் மாதத்து மர்மம்

இதுவரை சொன்னது முன்பே தைராய்டு இருந்தவர்களின் கதை. தைராய்டு என்ற பேச்சே கேட்டிராத பெண்ணையும் பிரசவத்துக்குப் பிறகு பிடிக்கும் ஒரு வகை உண்டு. ஏறக்குறைய இருபது தாய்மார்களில் ஒருவருக்கு அது வருகிறது. 1948-லேயே நியூஜிலாந்தில் ராபர்ட்டன் என்ற டாக்டர், பிரசவித்த பெண்களின் சோர்வையும் குளிர் தாங்காமையையும் கவனித்து, தைராய்டுச் சத்துக் கொடுத்துக் குணப்படுத்தியதாக எழுதினார். உலகம் அதை மறந்துவிட்டது. 1970-களில் ஜப்பானின் ஒசாகா நகரத்து அமினோ என்ற டாக்டரும் அவர் சகாக்களும் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

கர்ப்பத்தில் சிசுவை அந்நியமென்று தாக்காமல் இருப்பதற்காக உடம்பின் தற்காப்புச் சக்தி கொஞ்சம் அடங்கியிருக்கும். பிரசவமானதும் அது திரும்பி எழுகிறது; சிலரிடம் எழுந்த வேகத்தில் சொந்தத் தைராய்டையே தாக்குகிறது. களஞ்சியத்தின் சுவர் இடிந்து நெல் தெருவில் கொட்டுவதுபோல், சேமித்து வைத்திருந்த தைராக்ஸின் ரத்தத்தில் கொட்டுகிறது. இரண்டாவது மாதம் முதல் ஆறாவது மாதத்துக்குள் படபடப்பு, வியர்வை, எரிச்சல். கொட்டித் தீர்ந்தபின் களஞ்சியம் காலி. அப்போது குறைவின் அறிகுறிகள் தொடங்கிப் பன்னிரண்டாவது மாதம் வரை நீடிக்கலாம்.

இந்தக் காலக் கணக்கை நம் வழக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு விபரீதம் புரியும். தலைப் பிரசவம் தாய் வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ சீர்வரிசையுடன் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவிடுகிறார்கள். பழைய டாக்டர் ஓர் ஊரில், பழைய ரத்தப் பரிசோதனைக் காகிதம் அம்மா வீட்டு அலமாரியில். புது இடத்தில் மருமகள் காரணமில்லாமல் எரிந்து விழுகிறாள். பிறகு எழுந்திருக்கவே சோம்புகிறாள். மாமியார் ஒரு காரணம் கண்டுபிடிக்கிறாள், கணவன் இன்னொன்று. அவளே தன்மேல் மூன்றாவது ஒன்றைச் சுமத்திக்கொள்கிறாள். சாதாரண ரத்தப் பரிசோதனை ஒன்றால் தீரவேண்டிய விஷயம் குடும்ப வழக்காகிவிடுகிறது. குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போட ஒன்பதாவது மாதத்தில் வரும்போதாவது, “உனக்கு எப்படி இருக்கிறது?” என்று தாயைக் கேட்க ஆள் வேண்டும்.

முதல் கட்டத்துப் படபடப்புக்குக் கார்பிமஸோல் பயன்படாது. இருந்த நெல்தான் சிந்துகிறது. புது விளைச்சலைத் தடுத்து என்ன பிரயோசனம்? துடிப்பை அடக்கப் புரோபிரனலால் கொடுத்துச் சில வாரங்கள் பொறுத்தால் போதும். அது பாலில் மிகக் குறைவாகவே வருகிறது. அதே வகையைச் சேர்ந்த அடெனோலால் பாலில் அதிகம் சேருவதால், கைக்குழந்தைக்காரிக்கு அதை விரும்புவதில்லை. இரண்டாவது கட்டத்துக்குத் தேவைப்பட்டால் தைராக்ஸின். ஓராண்டு முடிந்ததும் மெல்லக் குறைத்து நிறுத்திப் பார்ப்பார்கள். பெரும்பாலோருக்குச் சுரப்பி சரியாகிவிடும். பத்தில் ஒருவர், இருவருக்குக் குறைவு நிரந்தரமாக நின்றுவிடும். சரியானவர்களும் வருஷம் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

வந்திருப்பது இந்த இடிந்த களஞ்சியமா, உண்மையிலேயே மிகுதியாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயா என்று பிரித்தறிய, மற்றவர்களுக்கு என்றால் கதிரியக்கப் பொருள் செலுத்திப் படம் எடுப்பார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு அதைத் தவிர்த்து, ரத்தத்தில் கிரேவ்ஸ் நோய்க்குரிய எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதே நலம். தவிர்க்க முடியாமல் டெக்னீஷியம் படம் எடுக்க நேர்ந்தால் அன்றைய பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும்.

ஒன்றில் மட்டும் சமரசம் கிடையாது. மிகுதிக்கும் புற்றுக்கும் தரும் கதிரியக்க அயோடின் சிகிச்சையைப் பால் கொடுக்கும் காலத்தில் செய்யவே கூடாது. மார்பகம் அயோடினை ரத்தத்திலிருந்து இழுத்துப் பாலில் சேர்க்கும் இயல்புடையது. பாலோடு போகும் கதிரியக்கம் குழந்தையின் சுரப்பியில் போய்க் குடியேறி அதை அழித்துவிடும். பால் மறக்கடித்து ஆறு வாரமாவது ஆனபிறகே சிகிச்சை. அதன்பின் அந்தக் குழந்தைக்கு மீண்டும் தாய்ப்பால் இல்லை. பின்னால் பிறக்கும் குழந்தைக்குத் தடையில்லை. ஆகையால் தள்ளிப்போட முடிந்த சிகிச்சையானால் தள்ளிப்போடுவார்கள்.

இங்கே ஆபத்தாகும் அதே இழுக்கும் சக்திதான் மற்ற நாட்களில் குழந்தைக்குப் படி அளக்கிறது. தாய்ப்பாலைத் தவிர வேறு ஆகாரமில்லாத குழந்தைக்கு அயோடின் வருவது அந்த ஒரே வழியில். இதற்காகத் தாய்க்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. நமக்கு அது முக்கியமாக உப்பில் வர வேண்டும். அயோடின் சேராத உப்பை உணவுக்கு விற்பது 2006 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆனால் 2018-19-ல் எடுத்த இந்திய அயோடின் கணக்கில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் நூற்றுக்கு 76. தமிழ்நாட்டில் 62-க்கும் சற்றுக் குறைவு. மாநிலங்களிலேயே கடைசி இடம் நமக்கு! தூத்துக்குடி உப்பளங்களை வைத்துக்கொண்டு, அளத்திலிருந்து நேரே வரும் கல்லுப்பைப் படி கணக்கில் வாங்கிப் பானையில் போட்டு வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தக் கல்லுப்பில் சோற்றுக்கு ருசி உண்டு. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு அயோடின் இல்லை. கடையில் உப்பு வாங்கும்போது பொட்டலத்தின்மேல் சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.